உப்புக் காற்றில் ஒரு சர்வர்

சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர்களுக்கென்றே தனி முனையம் ஒன்று 1983-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நாள் முதல், இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதிகளில் வாழும் ஆயிரக்கணக்கானோரின் ஜீவனம் அந்த இரும்புப் பெட்டிகளைச் சுற்றியே நடந்து வருகிறது. ஒவ்வொரு பெட்டியின் மீதும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் எழுதப்பட்டிருக்கும். கடைசி இலக்கம், முன்னுள்ள பத்தையும் ஒரு கணக்கிலிட்டுப் பெறப்படுவதாகையால், ஓரெழுத்துத் தவறாக எழுதப்பட்டாலும் பெரும்பாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். அந்தப் பெட்டி எந்தக் கப்பலில் வந்தது, அதற்குச் சுங்க இலாகாவில் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாயிற்றா, தீர்வை கட்டியாயிற்றா, எந்த லாரியில் ஏறிற்று, சரக்கை இறக்கியபின் காலிப் பெட்டி யார்டுக்குத் திரும்பிற்றா என்ற கேள்விகளுக்கு முன்பெல்லாம் கிளியரிங் ஆபீஸ்களில் தடித்த பேரேடுகளைப் புரட்டியே விடை கண்டார்கள். இன்று அதே கேள்விகளைச் செல்போனில் தட்டுகிறார்கள். விடை எங்கிருந்தோ வருகிறது. அந்த 'எங்கிருந்தோ' என்பதைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

இராயபுரத்தில் பதினைந்து, இருபது பேர் வேலை செய்யும் கிளியரிங் ஆபீஸ் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தங்கள் கணக்குக்கென்று எழுதி வாங்கிய வெப் அப்ளிகேஷனை, மாதந்தோறும் வாடகை செலுத்திப் பெரிய கிளவுட் கம்பெனிகளிடம் ஒப்படைக்காமல், ஆபீஸின் பின்கட்டு அறையிலேயே சொந்தச் சர்வரில் வைத்துத் தாங்களே நிர்வகிப்பது என்று முதலாளி தீர்மானிக்கிறார். வாடகை மிச்சம், கட்சிக்காரர்களின் விவரங்கள் அயலார் கைக்குப் போகா, பழுதென்றால் கைக்கெட்டும் தூரத்தில் இயந்திரம் இருக்கும் என்பவை அவர் சொல்லும் காரணங்கள். மூன்றும் நியாயமானவையே. ஆயினும், அந்த அறையில் அவர் வைக்கப்போவது ஓர் இயந்திரத்தை மட்டுமன்று என்பதை அவருக்கு இயந்திரத்தை விற்கிறவர் சொல்லமாட்டார்.

இயந்திரத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை. சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரைவிடச் சற்று உறுதியானது. இரவும் பகலும் ஓய்வின்றி ஓடத் தக்கது. அதனுள்ளே, 1991-இல் ஃபின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸ். அதன்மேல், வெளியிலிருந்து வரும் வேண்டுகோள்களை ஏற்று உள்ளே அனுப்பும் வெப் சர்வர் மென்பொருள், இகோர் சிசோயெவ் என்ற ரஷ்யர் எழுதி 2004-இல் வெளியிட்ட எஞ்ஜின்எக்ஸ் போன்றது ஒன்று. அதற்குப் பின்னால், ஆபீஸுக்கென்று எழுதப்பட்ட அப்ளிகேஷன். எல்லாவற்றுக்கும் அடியில், பெட்டிகளின் சரித்திரத்தையெல்லாம் கிரமமாக வைத்துக் காக்கும் டேட்டாபேஸ். அப்ளிகேஷன் நீங்கலாக மற்றவை யாவும் இலவசமாகவே கிடைப்பவை. அதனாலேயே இந்தக் காரியம் முழுவதுமே செலவற்றது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

துறைமுக வாசலில், வரிசையில் நிற்கும் லாரியின் நிழலிலே ஒதுங்கியபடி டாக் கிளார்க் ஒருவர் பெட்டி எண்ணைத் தட்டுகிறார். அவருடைய போன் முதலில் தேடுவது சர்வரை அன்று; ஆபீஸின் இணையப் பெயருக்கு உரிய எண்முகவரியையே தேடுகிறது. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் இந்த ஏற்பாட்டை அமெரிக்கரான பால் மோகபெட்ரிஸ் வகுத்ததும், நம் முனையம் திறந்த அதே 1983-இல்தான். எண் கிடைத்ததும், போனும் சர்வரும் தமக்குள் தொடர்பை நிலைநாட்டிக்கொண்டு, இடையில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி சங்கேதத்துக்கான சாவியையும் ஒத்துக்கொண்டு, அதன்பின்னரே கேள்வியைக் கேட்டுப் பதிலைப் பெறுகின்றன. ஆக, ஒரு பதிலுக்குக் குறைந்தது மூன்று தடவையாவது செய்தி போய்த் திரும்ப வேண்டும்.

சர்வர் சிங்கப்பூரில் இருந்திருந்தால் என்ன ஆகும்? சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் இடப்பட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், ஒரு வழிப் பயணத்துக்கு 16 மில்லி விநாடி. மூன்று தடவை போய் வர விநாடியில் பத்திலொரு பாகம். லாரி வரிசையில் மணிக்கணக்காக நிற்பவருக்கு இது ஒரு பொருட்டன்று. எனவே, 'பக்கத்திலேயே இருந்தால் வேகம்' என்ற வாதத்துக்கு, இத்தகைய ஆபீஸ் கணக்குகளைப் பொறுத்தமட்டில், நான் அதிக மதிப்புக் கொடுக்கமாட்டேன். அன்றியும், பக்கம் என்பதே இதில் ஏமாற்றக் கூடியது. டாக் கிளார்க்கின் போன் ஒரு கம்பெனியைச் சேர்ந்தது, ஆபீஸின் பிராட்பேண்ட் வேறொரு கம்பெனியைச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால், அவ்விரண்டும் சென்னையிலேயே தங்கள் போக்குவரத்தைப் பரிமாறிக்கொள்ளாதவரையில், துறைமுக வாசலிலிருந்து இராயபுரத்துக்குப் போக வேண்டிய செய்தி மும்பையைச் சுற்றிக்கொண்டும் வந்து சேரலாம். இத்தகைய வீண் சுற்றைத் தவிர்க்கவே நிக்ஸி என்னும் பரிமாற்ற ஸ்தாபனம் 2003-இல் நம் தேசத்தில் தோற்றுவிக்கப்பட்டது.

அந்த எண்முகவரி கிடைப்பதே முதல் சங்கடம். பழைய முறைப்படி உலகத்துக்கென்று இருக்கும் முகவரிகள் மொத்தம் 429 கோடிதான். உலகப் பொது இருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டுத் தீர்ந்துபோயின. ஆகையால் பிராட்பேண்ட் கம்பெனிகள் பல சந்தாதாரர்களை ஒரே முகவரியின் பின்னால் நிறுத்திவைக்கின்றன. உள்ளிருந்து வெளியே பார்க்க இது போதும்; வெளியிலிருந்து உள்ளே வருகிறவருக்கோ எந்த வீட்டைத் தட்டுவது என்று தெரியாது. நிலையான முகவரி வேண்டுமென்று தனியே விண்ணப்பித்து, அதற்கென்று கட்டணமும் செலுத்தினால்தான் பின்கட்டு அறைச் சர்வரை உலகம் காணும்.

சரி, உலகம் கண்டது. இனி அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கணினி விஷயம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை விட்டுவிட்டு மென்பொருளுக்குத் தாவிவிடுகிறார்கள். பெங்களூரில் உட்கார்ந்து எழுதினால் அது பொருந்தலாம். கடலோரக் காசிமேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பொருந்தாது.

கடற்காற்றில் கலந்து வரும் உப்பு, நாம் உண்ணும் சோடியம் உப்பு மாத்திரம் அன்று. அதில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. சாப்பாட்டு உப்பு நீர் கோத்துக் கரைய வேண்டுமானால் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தை எட்ட வேண்டும். மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். சென்னைக் கடற்கரையில் அவ்வளவு வறண்ட காற்று வீசும் வேளை அபூர்வம். எனவே சர்வரின் விசிறிகள் இரவும் பகலும் உள்ளிழுக்கும் காற்றோடு வந்து பலகையில் படியும் நுண்ணிய உப்புத்துகள், எப்பொழுதும் ஈரம் காயாத ஒரு மெல்லிய படலமாகவே இருந்துகொண்டு, மின்சாரம் போகக் கூடாத வழிகளிலெல்லாம் போவதற்கு இடங்கொடுக்கிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் திருகுகளின் தலையில் துருவும், நெட்வொர்க் கேபிள் செருகும் துவாரத்தின் ஊசிகளில் பச்சைக் களிம்பும் கண்ணுக்கே தெரியும்.

உப்பு ஒன்றுதான் என்றால் தென் கடற்கரைக்கும் வட கடற்கரைக்கும் பேதமில்லை. நம் பகுதியின் பிரத்தியேகம் கந்தகம். மணலியிலே கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை. எண்ணூர்ப் பக்கத்திலே நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள். இவற்றிடையே ஓயாது புகை கக்கிச் செல்லும் டீசல் லாரிகள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளப்படுவதை நிறுத்துமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபின், இராயபுரத்து மாடிகளில் உலர்த்திய துணிகள் கருக்காமல் இருக்கத் தொடங்கின என்பது உண்மையே. ஆனால் துணியைக் கருக்குவது தூசி. சர்க்யூட் பலகையை அரிப்பதோ கண்ணுக்குத் தெரியாத வாயு. 2006 ஜூலை முதல் ஐரோப்பாவில் மின்னணுச் சாதனங்களில் ஈயத்துக்குத் தடை வந்தபோது, பலகைகளின் செம்புத் தடங்களுக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சுக்குப் பதிலாக மெல்லிய வெள்ளிப் பூச்சுப் பூசும் வழக்கமும் பரவிற்று. காற்றில் கந்தக வாயு இருக்கும் இடங்களில் இந்தப் புதிய பூச்சின் விளிம்பில் செம்பு அரித்து, செம்பு ஸல்பைடு என்னும் கரிய உப்பாக மாறி, தடத்தை விட்டு வெளியே பரவிப் பக்கத்துத் தடத்தை எட்டித் தொட்டுவிடுகிறது. குறுக்குச் சுற்று ஏற்பட்டு இயந்திரம் செத்துப்போகிறது. குற்றம் மென்பொருளில் என்று நினைத்து இரண்டு நாள் தேடிவிட்டுத்தான் பலகையைப் பார்ப்பார்கள்.

இதற்கு ஓர் அளவுகோலும் உண்டு. சுத்தமான செம்புத் தகடு ஒன்றைச் சர்வர் அறையில் ஒரு மாதம் தொங்கவிட்டு, அதன்மேல் எத்தனை கனம் அரிப்புப் படிகிறது என்று சோதனைச்சாலையில் அளப்பார்கள். மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் பாகமாக்கினால் அதில் மூன்று பாகத்துக்குள், அடங்கினால் அறை நல்லது. வெள்ளித் தகட்டுக்கு வரம்பு 200. பெரிய டேட்டா சென்டர்களில் காற்றை ரசாயன வடிகட்டியின் வழியே செலுத்தி இந்த வரம்பைக் காக்கிறார்கள். பின்கட்டு அறையில் நாம் செய்யக் கூடியது, ஜன்னலை நிரந்தரமாக அடைப்பதும், வெளிக்காற்றை உள்ளிழுக்காத ஸ்பிளிட் ஏசி ஒன்றை 24 அல்லது 25 டிகிரியில் ஓடவிடுவதும், ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டி அதைத் தினமும் பார்ப்பதும்தான். ஏசிக்கு எதிரே ஈரக் குடையை உலர்த்தும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

ஏசி ஓட மின்சாரம் வேண்டும். சர்வர் 150 வாட் கொள்வதென்றால் நாளொன்றுக்கு 3.6 யூனிட், இரண்டு மாத ஈ.பி. பில்லில் சுமார் 216 யூனிட். ஏசியின் கணக்கு அதைவிட மேலே போகும். கரண்ட் போனால் யூ.பி.எஸ். சர்வரைத் தாங்குமே அல்லாது ஏசியைத் தாங்காது. ஆகையால் சிறு அறையில் அரைமணி நேரத்துக்குள் உஷ்ணம் ஏறிவிடும். பேட்டரி தீருமுன் டேட்டாபேஸை முறையாக மூடிவிட்டு இயந்திரம் தானே அணையும்படி யூ.பி.எஸ்ஸிலிருந்து சர்வருக்கு ஒரு கம்பி இணைக்க வேண்டும். அந்தக் கம்பி பெரும்பாலும் யூ.பி.எஸ். வந்த அட்டைப்பெட்டியிலேயே, உறை பிரிக்கப்படாமல் கிடக்கும்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்ததோடு கடலடிக் கேபிளும் பழுதுபட்டு இன்டர்நெட் மந்தமாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழை வடசென்னையை மூழ்கடித்தபோது, எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. அபாயம் கருதி மின்சாரம் நிறுத்தப்பட்ட தெருக்களில் அது திரும்பி வரப் பல நாட்கள் ஆயின. தரைத்தளத்துப் பின்கட்டு அறையில் இருக்கும் சர்வருக்கு அந்த வாரத்தில் யூ.பி.எஸ். எந்த மூலைக்கு?

இயற்கை இவ்வாறு ஆண்டுக்கு ஒரு முறை கதவைத் தட்டினால், மனிதர்கள் நிமிஷத்துக்கு ஒரு முறை தட்டுகிறார்கள். துறைமுகத்துக்குப் பல வாசல்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, லாரிக்கு ஒன்று, ஊழியர்க்கு ஒன்று என்று பிரிவினையும் உண்டு. சர்வருக்கும் அவ்வாறே 65,535 வாசல்கள் உண்டு. 443-ஆம் வாசல் சங்கேதப் போக்குவரத்துக்கு. 80-ஆம் வாசல் அதற்கு வழிகாட்ட. 22-ஆம் வாசல், நிர்வாகி தூரத்திலிருந்து உள்ளே வந்து கட்டளையிட. மற்றவை அடைபட்டிருக்க வேண்டும். அடைக்கும் காவலுக்கு ஃபயர்வால் என்று பெயர்.

'இராயபுரத்துச் சின்ன ஆபீஸை யார் தேடி வரப்போகிறார்கள்?' என்று முதலாளி கேட்பார். ஒருவரும் தேடி வருவதில்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஜிமேப் என்ற கருவியைக் கொண்டு, நல்ல இணைப்புள்ள ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, மேற்சொன்ன 429 கோடி முகவரிகள் அனைத்தையும் 45 நிமிஷத்துக்குள் ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்துவிட முடிந்தது. இன்று அவ்வாறு தட்டுகிறவர்கள் உலகெங்கும் அநேகர். புதிய சர்வரை இணைத்த சிறிது நேரத்திற்கெல்லாம் அதன் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், 22-ஆம் வாசலில் 'ரூட்' என்ற பெயரால் ஒருவர், 'அட்மின்' என்று ஒருவர், 'டெஸ்ட்', 'ஆரக்கிள்', 'போஸ்ட்கிரெஸ்' என்று வரிசையாக மற்றவர்கள், ஒவ்வொரு பாஸ்வேர்டாகச் சொல்லிப் பார்த்துத் தோற்றுப் போனதெல்லாம் விநாடிக் கணக்கோடு எழுதப்பட்டிருக்கும். முதன்முறை பார்க்கிறவருக்குச் சற்றே வயிற்றைக் கலக்கும். பாஸ்வேர்டையே எடுத்துவிட்டு, நிர்வாகியின் கம்ப்யூட்டரில் உள்ள சங்கேதச் சாவி இருந்தாலொழியத் திறவாதபடி செய்துவிட்டால் இந்தத் தட்டல் வெறும் இரைச்சலாகிவிடும்.

ஆனால் பூட்டிலேயே குறை இருந்தால்? உலகத்துச் சர்வர்களில் பெரும் பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற சங்கேத மென்பொருளில், சர்வரின் ஞாபகத்திலுள்ள ரகசியங்களை வெளியார் சிறிது சிறிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தக்க ஓட்டை ஒன்று இருந்தது 2014 ஏப்ரலில் வெளியாயிற்று. ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற அந்தக் குறைக்குப் பரிகாரமும் உடனே வெளிவந்தது. அதை அன்றிரவே பொருத்தியவர்கள் பிழைத்தார்கள், ஆறு மாதம் சும்மா இருந்தவர்களும் இருந்தார்கள். கிளவுட் கம்பெனியின் முழுச் சேவையை வாங்குகிறவருக்கு இந்தக் கவலையில் பெரும் பகுதியை அந்தக் கம்பெனி சுமக்கிறது. சொந்தச் சர்வர்க்காரருக்கு அதைச் சுமக்க வேறு ஆள் இல்லை. பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக இறங்கிப் பொருந்தும்படி வைப்பது, இணையப் பெயருக்கான சான்றிதழைப் புதுப்பிப்பது, பதிவேடுகளைக் காப்பது ஆகிய எல்லாமே அவர் தலையில். 2015 முதல் இலவசமாகச் சான்றிதழ் வழங்கிவரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதற்கு 90 நாளே ஆயுள் வைத்துப் பழக்கியது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவோ, பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும், ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் நம் தேசத்து நிறுவனங்களைப் பணிக்கிறது.

எல்லாம் செய்தும் தவறிப்போனால் மிஞ்சுவது பிரதி ஒன்றே. இதைப் பற்றித் துறைமுகத் தொழிலில் உள்ளவர்கள் அறிய வேண்டிய சரித்திரம் ஒன்று உண்டு. 2017 ஜூன் 27-ஆம் தேதி, உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாகப் புறப்பட்ட நாட்பெட்யா என்னும் நாசகார நிரல், டென்மார்க் தேசத்து மெர்ஸ்க் கப்பல் கம்பெனியினுள் புகுந்தது. நவி மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் கம்பெனியைச் சேர்ந்த முனையமும் ஸ்தம்பித்து, பெட்டிகளின் கணக்கைக் கையால் எழுத வேண்டியதாயிற்று. பரவுவதற்கு அது கையாண்ட வழிகளில் ஒன்றுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே பரிகாரம் வெளியிட்டிருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

மெர்ஸ்க்கின் வலைப்பின்னலில் யார் யாருக்கு எந்த அனுமதி என்பதை அறிந்து வைத்திருந்த சர்வர்கள் சுமார் 150. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்ற நம்பிக்கையில் அவை ஒன்றையொன்று இடைவிடாமல் நகலெடுத்துக்கொண்டிருந்தன. அனைத்தும் ஒரே சமயத்தில் அழியக் கூடும் என்று எவரும் எண்ணவில்லை. அனைத்தும் அழிந்தன, ஒன்றைத் தவிர. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீஸில் இருந்த சர்வர், அந்த நேரம் பார்த்து அங்கே கரண்ட் போயிருந்தபடியால், வலையிலிருந்து விலகிக் கிடந்தது! அதிலுள்ளதை இணையத்தின் வழியே அனுப்ப இணைப்பின் வேகம் போதவில்லை. கானா ஊழியருக்கு இங்கிலாந்து விசா இல்லை. எனவே நைஜீரியா விமான நிலையம் வரை ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்க, இன்னொருவர் அந்த ஹார்டு டிஸ்க்கை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் மறுபடி நிறுவியதாக அந்தக் கம்பெனியின் தலைவர் பின்னர் அறிவித்தார்.

இரண்டு டிஸ்க்குகளில் ஒரே சமயத்தில் எழுதும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு 'பேக்கப் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு டிஸ்க் கெட்டால் அது உதவும். தவறான கட்டளை ஒன்றால் கணக்கு அழிந்தால், இரண்டிலும் ஒருங்கே அழியும். பிரதி, உயிருள்ள இயந்திரத்தின் கைக்கு எட்டாததாக இருக்க வேண்டும். இடத்தாலும் விலகியிருக்க வேண்டும். 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சில் ஸ்டிராஸ்பூர்க் நகரத்து ஓவிஹெச் டேட்டா சென்டர் தீப்பற்றி ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று அழிந்தபோது, பிரதியையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு எஞ்சியது ஒன்றுமில்லை.

ஆகவே முதலாளி என்னைக் கேட்பாரானால், பின்கட்டு அறை யோசனையைப் பாதியில் நிறுத்தச் சொல்வேன். சர்வரைத் தானே நிர்வகிப்பது வேறு, அதைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வது வேறு. அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ உள்ள டேட்டா சென்டர் ஒன்றில் வெறும் இயந்திரத்தை மாத்திரம் வாடகைக்கு எடுத்து, லினக்ஸ் முதல் டேட்டாபேஸ் வரை எல்லாவற்றையும் தம் ஆளைக்கொண்டே நிர்வகிக்கலாம். உப்பும் கந்தகமும் கரண்டும் அவர்கள் பாடு, பூட்டும் சாவியும் நம் பாடு. இராயபுரத்து அறையில் பழைய இயந்திரம் ஒன்றை வைத்து, தினமும் இரவு அது அங்கே போய் அன்றைய பிரதியை எடுத்துவரச் செய்யலாம். எடுத்துவருவது இந்தப் பழைய இயந்திரமாகவே இருக்க வேண்டும். அங்கிருந்து இதற்குள் எழுதும் அனுமதி கூடாது. புயல் ஒன்று அம்பத்தூரையும் இராயபுரத்தையும் ஒரே நாளில் நனைக்கக் கூடுமாகையால், மற்றொரு பிரதி வாரத்துக்கு ஒரு முறையாவது கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ போகட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வெளியூர்ப் பிரதியிலிருந்து வேறோர் இயந்திரத்தில் முழு அப்ளிகேஷனையும் எழுப்பி, சென்ற வாரம் கட்டிய தீர்வைத் தொகை ஒன்று அதில் சரியாக வருகிறதா என்று கணக்குப்பிள்ளையையே பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்குச் சம்பளத்தோடு ஓர் ஆளை ஒதுக்க முதலாளிக்கு மனமில்லையென்றால், முழுச் சேவையையும் வாடகைக்கு வாங்கிக்கொள்வதே அவருக்கு மலிவு.